நாய் குட்டி போட்ட கதைக்கு நிறுத்தக்குறி போடுவது எப்படி?

பள்ளி ஆண்டு மலருக்குப் பிள்ளைகள் எழுதித் தரும் கட்டுரைகளைத் திருத்தும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. எழுத்துப்பிழையை விட எனக்கு அதிக நேரம் பிடிப்பது நிறுத்தக்குறிதான். ஒரு பக்கம் முழுக்க ஒரு புள்ளிகூட இல்லாமல் ஓடும் கட்டுரையும் வரும். உப்புத் தூவியது போல சொல்லுக்குச் சொல் காற்புள்ளி கிடக்கும் கட்டுரையும் வரும். கேப்பிடல் லெட்டர், ஃபுல் ஸ்டாப், கமா என்று ஆங்கில வகுப்பில் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளே தமிழென்றால் அதெல்லாம் தேவையில்லை என்று இருந்துவிடுகிறார்கள்.

விதிகளை வரிசையாகச் சொன்னால் தூக்கம்தான் வரும். ஒரு பத்தியை எடுத்துப் படிப்படியாகச் சரிசெய்து பார்ப்போம். எனக்கு வரும் கட்டுரைகளின் சாயலில் நானே எழுதியது இது:

காலையில் அம்மா தம்பி எழுந்தானா என்று கேட்டார் நான் உள்ளே போய்ப் பார்த்தேன் தம்பி இல்லை போர்வை மட்டும் கிடந்தது தெருவில் நாய் குட்டி போட்டிருந்தது தம்பி அங்கே உட்கார்ந்து குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான் கறுப்பு வெள்ளை செம்பழுப்பு என்று நான்கு குட்டிகள் டேய் பள்ளிக்கூடம் வரவில்லையா என்றேன் இரு அக்கா இன்னொன்று வருகிறது என்றான் அந்த ஐந்தாவது குட்டிக்கு நிலா என்று பெயர் வைத்தோம் ஒரு வாரம் கழித்து இரவில் நிலா வெளியே வந்ததும் தாய் நாய் குரைத்தது

படி 1: வினைமுற்றைத் தேடுங்கள்

தமிழில் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டார், பார்த்தேன், கிடந்தது, போட்டிருந்தது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. பாதி வேலை முடிந்தது.

ஒரு பொறி இருக்கிறது. ‘எழுந்தானா’, ‘வருகிறது’ இரண்டும் வினைமுற்றுதான். ஆனால் அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ‘என்று’, ‘என்றான்’ வருகின்றன. அப்படி வந்தால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. அங்கே புள்ளி வைக்காதீர்கள். அதே போல ‘நான்கு குட்டிகள்’ என்பதில் வினையே இல்லை. அதுவும் முழு வாக்கியம்தான், அதற்கும் புள்ளி உண்டு. வாய்விட்டுப் படித்தால் குரல் அங்கே இறங்குவது தெரியும்.

‘தம்பி இல்லை’, ‘போர்வை மட்டும் கிடந்தது’ இரண்டும் தனித்தனி வாக்கியங்கள். ஆனாலும் ஒன்றைப் பார்த்த கண்தான் மற்றதையும் பார்க்கிறது. இந்த மாதிரி இடத்துக்கு அரைப்புள்ளி. முற்றுப்புள்ளி வைத்தாலும் தப்பில்லை. அரைப்புள்ளி என்றாலே பயப்படுகிறவர்கள் அதை விட்டுவிடலாம், மதிப்பெண் குறையாது.

படி 2: காற்புள்ளி

இதில்தான் குழப்பம் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அடுக்கிச் சொல்லும்போது போடுங்கள்: கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு. ஆனால் ‘உம்’ சேர்த்து எண்ணினால் வேண்டாம். ‘கறுப்பும் வெள்ளையும் செம்பழுப்பும்’ என்னும்போது அந்த உம்மையே காற்புள்ளியின் வேலையைச் செய்துவிடுகிறது.

யாரையாவது கூப்பிட்டால் கூப்பிட்ட சொல்லுக்குப் பின்னால் கட்டாயம் போடுங்கள். ‘தம்பி சாப்பிட்டானா?’ என்றால் தம்பியைப் பற்றிக் கேட்கிறேன். ‘தம்பி, சாப்பிட்டானா?’ என்றால் தம்பியிடம் வேறு யாரையோ பற்றிக் கேட்கிறேன். பேசும்போது குரல் செய்கிற வேலை, எழுத்தில் அந்தச் சின்னக் கொக்கியின் தலையில் விழுகிறது. நம் பத்தியில் ‘டேய்’, ‘இரு அக்கா’ இரண்டுக்கும் பின்னால் காற்புள்ளி.

எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு என்று வினையெச்சங்கள் வரிசையாக வந்தாலும் ஒவ்வொன்றின் பின்னும் போடச் சொல்கிறது பாடப்புத்தகம். நீளமான வரிசைக்கு அது சரி. ‘உள்ளே போய்ப் பார்த்தேன்’ மாதிரி குட்டித் தொடருக்கு எதற்கு? அதிலும் அங்கே வல்லெழுத்து மிகுந்து ‘ப்’ வந்திருக்கிறது. சொல்லும் சொல்லும் ஒட்டி நிற்கும் இடத்தில் கொக்கியை நுழைத்தால் கண்ணை உறுத்தும்.

படி 3: யார் பேசுகிறார்கள்?

ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதினால் இரட்டை மேற்கோள்குறி. பேசியவரை முதலில் சொன்னால் அவருக்குப் பின் ஒரு காற்புள்ளி வையுங்கள்: அம்மா, “தம்பி எழுந்தானா?” என்று கேட்டார். வினாக்குறி மேற்கோளுக்கு உள்ளே நிற்கிறது, கவனித்தீர்களா? கேள்வி அம்மாவுடையது. முழு வாக்கியம் கேள்வி இல்லை, அதனால் கடைசியில் புள்ளிதான்.

மேற்கோள் இல்லாமலும் எழுதலாம்: தம்பி எழுந்தானா என்று அம்மா கேட்டார். இதன் கடைசியில் பாதிப் பேர் வினாக்குறி போட்டு அனுப்புகிறார்கள். ‘கேட்டார்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகப் போட்டுவிடுகிறது போல. கேட்ட செய்தியைச் சொல்கிறோம், யாரையும் கேட்கவில்லை.

உணர்ச்சிக்குறி ஒன்று போதும். வாட்ஸ்அப் பழக்கத்தில் நான்கைந்து போட்டு வருகிறவற்றை நான் இரக்கமில்லாமல் வெட்டிவிடுவேன்.

படி 4: பெரிய எழுத்து இல்லாத குறை

ஆங்கிலத்தில் ஆள், ஊர், மாதம், கிழமை எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. ‘நான்’ என்பதற்குக்கூடப் பெரிய ‘ஐ’. நமக்கு எழுத்தில் பெரிதும் சிறிதும் கிடையாது. பிறகு பெயரை எப்படிக் காட்டுவது?

மனிதர்களானால் வினையின் விகுதி காட்டிக்கொடுக்கும். ‘செல்வம் வந்தது’ என்றால் பணம், ‘செல்வம் வந்தான்’ என்றால் ஆள். ‘செல்வம் எங்கே?’ என்றால்தான் மாட்டிக்கொள்வோம், அங்கே ‘க. செல்வம்’ என்று தலைப்பெழுத்தைப் புள்ளியோடு சேர்த்தால் தீர்ந்தது.

நம் நிலா நாய். ‘வந்தது’ என்பது வானத்து நிலாவுக்கும் பொருந்தும், நாய்க்கும் பொருந்தும். பெயர் வைக்கும் இடத்தில் ‘நிலா’ என்று ஒற்றை மேற்கோள் போடலாம், ஒரு தடவை போதும். கடைசி வரியில் அந்தக் குறி உதவாது. ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும்: நிலாக்குட்டி.

படி 5: இடைவெளியும் ஒரு குறிதான்

ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஓலையில் இருந்தது பெரும்பாலும் பாட்டு என்பதால் சீரும் அடியுமே எங்கே நிறுத்துவது என்று சொல்லிவிடும். உரைநடை அச்சேறிய பிறகுதான் இந்தக் குறிகள் அவசியமாயின. 19ஆம் நூற்றாண்டில் இவற்றைத் தமிழ் உரைநடையில் பரவச் செய்தவர் என்ற பெருமை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு உண்டு.

‘நாய் குட்டி போட்டிருந்தது’ என்பதை ‘நாய்க்குட்டி போட்டிருந்தது’ என்று சேர்த்துப் பாருங்கள். குட்டி ஈன்ற நாய் காணாமல் போய், எதையோ கீழே போட்ட குட்டி வந்து நிற்கும். ‘பள்ளிக்கு வந்துவிட்டாள்’ என்றால் வந்து சேர்ந்தாள். ‘தம்பியைக் கொண்டு வந்து விட்டாள்’ என்றால் அழைத்து வந்து இறக்கிவிட்டாள்.

தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குறிக்கு முன்னால் இடம் விடாதீர்கள், பின்னால் ஒரு இடம் விடுங்கள். முன்னால் விட்டால் காற்புள்ளி தனியாக அடுத்த வரிக்குப் போய் அநாதையாக நிற்கும்.

சரி, பத்தி இப்போது இப்படி ஆகியிருக்க வேண்டும்:

காலையில் அம்மா, “தம்பி எழுந்தானா?” என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். தம்பி இல்லை; போர்வை மட்டும் கிடந்தது. தெருவில் நாய் குட்டி போட்டிருந்தது. தம்பி அங்கே உட்கார்ந்து குட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று நான்கு குட்டிகள். “டேய், பள்ளிக்கூடம் வரவில்லையா?” என்றேன். “இரு அக்கா, இன்னொன்று வருகிறது!” என்றான். அந்த ஐந்தாவது குட்டிக்கு ‘நிலா’ என்று பெயர் வைத்தோம். ஒரு வாரம் கழித்து இரவில் நிலாக்குட்டி வெளியே வந்ததும் தாய் நாய் குரைத்தது.

அடுத்து இதற்கு நீங்களே குறி போட்டுப் பாருங்கள்: மலர் எங்கே என்று தாத்தா கேட்டார் பூஜை அறையில் இருக்கிறது என்றேன் நான் உன் தங்கையைக் கேட்டேன் என்றார்