ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்

போன சனிக்கிழமை திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி ஸ்விப்டில் வந்து இறங்கினார். பின் சீட்டில் பிரிக்காத அட்டைப்பெட்டி. உள்ளே சிவப்புப் பெயின்ட் அடித்த நான்கு ஸ்பிரிங்குகள். "அண்ணே, இத மட்டும் மாட்டி விட்ருங்க. வண்டி கொஞ்சம் இறங்கணும், திருப்பத்துல கெட்டியா நிக்கணும்." மீட்டரைப் பார்த்தேன். 74,000 கி.மீ. ஷாக் அப்சார்பர் எப்போது மாத்துனீங்க என்று கேட்டேன். "அது நல்லாத்தாண்ணே இருக்கு, ஆயில் கசியல."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு மாட்டிக் கொடுத்தவர் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக் கொடுத்தார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

இப்போது மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் சிறிய கடை வைத்திருக்கிறேன். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்தான் பிழைப்பு, கூடவே சஸ்பென்ஷன் வேலை. ஸ்பிரிங்கைக் கட்டிங் மிஷினில் வெட்டுகிறவர்கள், கேஸ் வைத்துச் சுட்டு இறக்குகிறவர்கள் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்கே அது தப்பென்று தெரியும். நாலு இடத்தில் விசாரித்து, நல்ல பணம் கொடுத்து, நல்ல பொருளை வாங்கிவந்து, அப்புறமும் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இது.

பழைய ஷாக், புது ஸ்பிரிங்

தொட்டிலில் கட்டும் ஸ்பிரிங்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை இழுத்துவிட்டால் பிள்ளை தூங்குகிறவரை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கின் குணம் அதுதான். வாங்கிய அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். காரில் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், அதில் ஓட்டை போட்ட பிஸ்டன். எண்ணெய் அந்த ஓட்டைகளின் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. மோசமான ரோட்டில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

கம்பெனிக்காரன் ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு ஷாக் என்று அளந்து ஜோடி போட்டிருக்கிறான். ஸ்பிரிங்கை 30 சதவீதம் கெட்டியாக்கினால், அதே ஷாக்கின் பிடி அந்தப் புது ஸ்பிரிங்குக்கு முன்னால் சுமார் 12 சதவீதம் குறைந்துபோகிறது. ஷாக் புதிதாக இருந்தாலே இந்தக் கணக்கு. 74,000 கி.மீ. ஓடிய ஷாக் ஏற்கெனவே பாதி உயிரில் இருக்கும். அதன் தலையில் இன்னும் முரட்டு ஸ்பிரிங்கை ஏற்றினால் என்ன ஆகும்?

கசியவில்லை என்பது ஒரு சான்றே இல்லை. சீல் போனால்தான் வெளியே கசியும். உள்ளே வால்வு தேய்ந்தால் வெளியே ஒரு துளியும் தெரியாது. பானட்டை அழுத்திவிட்டு ஒரு ஆட்டத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அந்தச் சோதனையில் முழுதாகச் செத்த ஷாக் மட்டும்தான் மாட்டும். குற்றுயிராக இருப்பது தேறிவிடும். ஷாக் ஒரே நாளில் சாவதும் இல்லை, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஓட்டுகிறவர் அதற்குப் பழகிக்கொண்டே போவார். "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. புதிதில் எப்படி இருந்தது என்பது அவருக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் கதைக்கு வருகிறேன். 60,000 கி.மீ. ஓடிய வண்டி, 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங். மாட்டிய முதல் வாரம் தரையில் கால் பாவவில்லை எனக்கு. அழகர்கோவில் ரோட்டில் வளைந்து வளைந்து ஓட்டினேன். வண்டி சாயவில்லை, ஆஹா என்றிருந்தது. அது தனியாக ஓட்டியபோது.

இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தோடு கொடைக்கானல். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். ஸ்பிரிங் ஏற்கெனவே 30 மி.மீ. விழுங்கியிருந்தது, ஆட்களும் மூட்டையும் மீதியை விழுங்கின. சக்கரம் மேலே ஏற இடமே இல்லாமல் பின்பக்கம் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல் உட்கார்ந்துகொண்டு வந்தது. பம்ப் ஸ்டாப் என்பது கடைசிக் காவல். அதில் மோதிய நொடியில் ஸ்பிரிங் இல்லாத கட்டை வண்டிபோல் ஆகிவிடும். நேர் ரோட்டில் மோதினால் இடுப்பு வலிக்கும், திருப்பத்தில் மோதினால் டயர் பிடி விட்டுவிடும். இறங்கும்போது டம் டம் பாறையைத் தாண்டி ஒரு இடது திருப்பம். வளைவின் உள்பக்கம் ஒட்டுப்போட்ட பள்ளம். பின்பக்கம் "டங்" என்று மோதி, ஒரு முழம் துள்ளி வலதுபக்கம் போய் விழுந்தது. எதிரே பஸ் வரவில்லை, பிழைத்தோம்.

யாரும் பேசவில்லை. காட்ரோடு வந்து டீக்கடையில் நிறுத்தியதும் அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "பஸ்ஸுலயே போயிட்டு வந்திருக்கலாம்."

அடுத்த ஆறு மாதத்தில் முன் ஷாக் இரண்டும் கசிந்தன. ஷாக்கின் தலையைப் பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்ட் கடகடவென்றது. அலைன்மென்ட் சரிசெய்யாமல் ஓட்டியதில் முன் டயர் இரண்டும் உள்ஓரத்தில் மொட்டை. ஸ்பிரிங்கின் விலையைப்போல் இன்னொரு மடங்கு அதன் பின்னாலேயே போனது. இதில் எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், முன்பக்கம் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டுமென்றால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கிப் பிரித்தே ஆகவேண்டும். ஷாக்கும் டாப் மவுண்டும் அப்போது கையிலேயே இருக்கும். ஒரே கூலியில் முடிந்திருக்கும். நான் இரண்டு கூலி கொடுத்தேன்.

ஆகவே காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ஷாக்கை வாங்குங்கள். ஒரிஜினல் ஸ்பிரிங், புது ஷாக், அதற்கான டாப் மவுண்டும் பேரிங்கும். இவ்வளவு போட்டாலே பலருக்கு "என்னண்ணே பண்ணீங்க, வேற வண்டி மாதிரி இருக்கு" என்று வந்துவிடும். அதற்கு மேல் ஆசை இருந்தால் அதே உயரத்தில் கொஞ்சம் கெட்டியான ஷாக் போடலாம். ஸ்பிரிங் அதற்கும் அப்புறம். ஸ்பிரிங்தான் வேண்டுமென்று நின்றால் நம் ஊருக்கு 15 முதல் 20 மி.மீ. வரை இறக்கலாம், அந்த உயரத்துக்கு ஏற்ற ஷாக்கோடு. ரோடுகளுக்கு அளவு வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸ் கணக்குப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். வண்டி ஏறி இறங்குவதே தெரியாது. நம் கிராமத்து ரோடுகளில் அந்த உயரத்தை ஒரு முழ அகலத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். 30 மி.மீ. இறக்கிய வண்டி ஒவ்வொன்றிலும் அடி தட்டும்.

திருமங்கலத்துத் தம்பியிடம் இதைச் சுருக்கிச் சொன்னேன். "என்னண்ணே, காசு குடுத்து வாங்கிட்டேனே" என்றார். முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்ட்ரட்டை இறக்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு ஷாக்கின் தண்டை அவரையே கையால் அழுத்தச் சொன்னேன். முதல் இரண்டு அங்குலம் எதிர்ப்பே இல்லாமல் காற்று போன சைக்கிள் பம்பு மாதிரி உள்ளே போனது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் ஷாக் என்ன விலை என்று கேட்டார்.

டீசலா, பெட்ரோலா?

ஒரே பெயருள்ள கார்தானே என்று வாங்கிவிடுகிறார்கள். டீசல் எஞ்சின் கனம் கூட, முன் ஸ்பிரிங் வேறு. டீசலுக்கானதைப் பெட்ரோலில் போட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த எஞ்சினுக்கு, முன்னும் பின்னும் எத்தனை மி.மீ. இறங்கும், கம்பெனி ஷாக்கோடு போகுமா. மூன்றாவதற்கு "எல்லாத்துக்கும் போகும் சார்" என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

புஷ்ஷை அந்தரத்தில் முடுக்குவது

இது மெக்கானிக்கின் தவறு, ஆனால் பணம் உங்களுடையது. சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் உருளாது, முறுக்கும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் முழுக்க நிற்கும். சில மாதத்தில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மாட்டிவைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு. உயரத்தை மாற்றிய வண்டிக்கு இது இன்னும் முக்கியம், பழைய உயரத்தில் முடுக்கியிருந்த போல்ட்டுகளையும் தளர்த்தி மறுபடி முடுக்கவேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஸ்பிரிங் பஃபர்

இறக்குகிறவர்கள் ஒரு பக்கம் என்றால் ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம். சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் வளையத்தை அடி தட்டுவதற்கு வைத்தியமாக நினைக்கிறார்கள். ஒரு சுற்றின் வேலையை அது நிறுத்திவிடுகிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்று முழுதாக நின்றால் 20 சதவீதம் கெட்டியாகிவிடும். அப்புறம் என்ன, மேலே சொன்ன ஷாக் கதையேதான். பின்பக்கம் எப்போதும் சுமை ஏற்றுகிறவர் என்றால் அதற்கென்று உள்ள சரியான ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

பெரிய வீல்

185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 போட்டால் 92 மி.மீ. மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் அடி வாங்கும் ரப்பரில் 28 மி.மீ. காணாமல் போயிருக்கும். ஸ்பிரிங்குக்குப் போகும் முன்பு முதல் அடியை வாங்குவது டயர்தானே. நத்தம் பறக்கும் பாலத்தில் 7.3 கி.மீ. தூரமும் ஒவ்வொரு இணைப்பையும் முதுகால் எண்ணிக்கொண்டே போகலாம். பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் இதைச் செய்துவிட்டு சஸ்பென்ஷன் முரடாக இருக்கிறது, ஏதாவது பண்ணுங்கள் என்று என்னிடம் வராதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

வேண்டாம். ஜோடி.

அலைன்மென்ட் அப்புறம் பார்க்கலாம் என்பது

என் இரண்டு டயரின் கதை மேலே இருக்கிறது, பாருங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்கு எல்லை போடுகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. கம்பெனி அளவை ஒட்டியே இருந்தால் தலைவலி குறைவு. ஸ்பிரிங் மாற்றினால் இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய ஒரிஜினலைப் பழைய இரும்புக்குப் போடாமல் பரணில் வையுங்கள்.

காற்று

சென்ற மாதம் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, நல்ல ஷாக்காகப் போட்டுக் கொடு தம்பி, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்றார். வாங்கி ஒன்பது மாதம் ஆன கார். கழற்றும் முன்னால் பழக்கதோஷத்தில் காற்றை அளந்தேன். நான்கு டயரிலும் 44. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தது. பங்கில் நிரப்புகிற பையனிடம் "நல்லா டைட்டா அடிச்சு விடுப்பா" என்று சொல்வாராம். 33க்கு இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். காளவாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர், என்ன மாற்றினாய் என்று குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். காற்று என்றேன். நம்பவில்லை. பில் எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, கடைசியில் எனக்கும் பையனுக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.