மூச்சைக் கவனித்தால் படபடப்பு கூடியது: என் அனுபவம்

செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது தொடங்கியது. விடுதியில் படுத்ததும் நெஞ்சு படபடக்கும். இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராது.

தியானச் செயலி ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னது. கவனிக்கக் கவனிக்க மூச்சு முட்டியது. பத்து நிமிடத்தை இருபதாக்கினேன், இன்னும் மோசம். இரவு டீயை நிறுத்தியதில் தூக்கம் கொஞ்சம் முன்னால் வந்தது, படபடப்பு போகவில்லை.

கல்லூரி ஆலோசகர் என்னைச் செய்துகாட்டச் சொன்னார். "தம்பி, இழுக்கிறீங்க, விடவே மாட்டேங்கிறீங்க" என்றார். அதுதான் விஷயம். கவனிப்பதாக நினைத்து, ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக இழுத்து, முழுதாக விடாமலே அடுத்ததை இழுத்திருக்கிறேன். இப்படி அதிகமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்நுனி குறுகுறுக்கும். எனக்கும் குறுகுறுத்தது, கை மடங்கிப் படுத்ததால் என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்னபடி மாற்றினேன்: கண் திறந்து, பாதம் தரையில் பட உட்கார்ந்து, வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுவது. வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அப்போதும் முட்டினால் மூச்சை மறந்து மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பேன். ஐந்தாம் நாள் பதினொன்றரைக்கே தூங்கிவிட்டேன். அப்பாடா என்றிருந்தது.

கல்லூரியில் ஆலோசகர் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416க்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.