டைனமோ டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லையா?

லூகாஸ் வகை 12 வோல்ட் டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) உள்ள பழைய டிராக்டர். இன்ஜின் ஓடும்போதும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கமே நின்றது. டைனமோவையும் பேட்டரியையும் இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டியை மாற்றத்தான் எல்லாரும் சொல்வார்கள்; அவசரப்பட வேண்டாம். பெல்ட் சரியாக இருந்ததால் டைனமோவைத் தனியாகச் சோதித்தேன்.

டைனமோவில் டி (வெளியீடு), எஃப் (ஃபீல்டு) ஒயர்களைக் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் துண்டு ஒயரால் சேர்த்து, அங்கிருந்து டைனமோ பாடிக்கு முள் வோல்ட் மீட்டர் வைக்க வேண்டும். இன்ஜினை மெல்ல ஏற்றினால் முள் ஆடாமல் சட்டென ஏறணும். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேலே போகாதீர்கள், 20 வோல்ட்டைத் தொடவும் விடாதீர்கள். அரை, ஒரு வோல்ட் மட்டும் காட்டினால் கோளாறு ஃபீல்டு காயிலில் (காந்தப்புலம் தரும் நிலையான சுருள்) இருக்கலாம். 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மெச்சரில் (சுழலும் சுருள்) இருக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் பிரஷ்.

இதில் ஒன்றுமே வரவில்லை. ஒரு கார்பன் பிரஷ் கூட்டுக்குள் தூசி ஏறி இறுகி, கம்யூட்டேட்டரை (ஆர்மெச்சர் முனையில் பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையம்) தொடாமலே நின்றது. கூட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்து, கம்யூட்டேட்டரை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன். எமரி தாள் வேண்டவே வேண்டாம். அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே புகுந்து ஷார்ட் ஆக்கும்.

டைனமோவின் துருவம் சரியாக அமைய, எஃப் ஒயரை மாட்டும் முன், பேட்டரியில் எர்த் ஆகாத (வண்டி பாடியோடு சேராத) முனையிலிருந்து ஒரு ஒயரை டைனமோவின் எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ் எர்த் வண்டியில் அது மைனஸ் முனை. துருவம் மாறியிருந்தால் கட்-அவுட் பாயிண்ட் கருகிவிடும்.