ஜிஆர்ஈ கணிய ஒப்பீட்டில் தவறிய புள்ளிகளை மீட்ட விதம்

ஜிஆர்ஈ என்பது பட்டமேற்படிப்பு அனுமதிக்கான தேர்வு. அதன் கணிய ஒப்பீட்டு வினாவில் இரண்டு கணியங்களைத் தந்து எது பெரிது என்று கேட்பார்கள். கொழும்பில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இதில் கணக்கு தெரியாமல் புள்ளி போவதில்லை. எல்லாவற்றையும் முழுதாகத் தீர்க்கும் பழக்கத்தால்தான் போகிறது. எனக்கும் அப்படித்தான். இங்கே விடை தேவையில்லை, எது பெரிதென்றால் போதும்.

உதாரணம்: க < 1 எனில், க² பெரிதா, க பெரிதா? நான் ½ மட்டும் இட்டு ‘க பெரிது’ என்று குறிப்பேன். −2 இட்டால் 4. இப்போது க² பெரிது. 0 இட்டால் இரண்டும் சமம். ஆக விடை நான்காவது தெரிவு, தீர்மானிக்க முடியாது. நிறைவெண் என்று வினா சொல்லாதவரை பின்னமும் மறை எண்ணும் உள்ளேதான். இப்போது 0, 1, ½, −½, −2 என்ற வரிசையை முதலிலேயே தாளில் எழுதிவிடுகிறேன். இரண்டு எண்கள் வேறு வேறு முடிவு தந்தால் அங்கேயே நிறுத்தலாம்.

இரு பக்கமும் ஒரே கணியத்தைக் கழிக்கலாம். ஆனால் குறி தெரியாத மாறியால் வகுக்கக் கூடாது. அது மறையானால் ஒப்பீடு தலைகீழாகிவிடும். என் பிழைகளில் பாதி இதுதான்.

நேரம்: கணிதப் பகுதி முழுதுக்கும் 27 வினா, 47 நிமிடம். 2 நிமிடம் தாண்டினால் ஒரு விடையைத் தெரிவுசெய்து, குறியிட்டு நகருங்கள். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை.