கருகரு முடியில் பளீர் சிவப்பு: வீட்டிலேயே கலர் செய்வது எப்படி

நம் கருப்பு முடியின் மேல் பிங்க் டையையோ நீல டையையோ நேராகப் பூசினால் ஒன்றும் நடக்காது. உச்சி வெயிலில் நின்றால் லேசாக ஒரு மினுக்கம் தெரியலாம், அவ்வளவுதான். டப்பா மேல் சிரிக்கும் பெண்ணின் முடி டை பூசுவதற்கு முன்பே வெளுக்கப்பட்டது. ஆக, பளிச் கலர் என்றால் முதலில் ப்ளீச், அப்புறம்தான் டை. இதில் டை பூசுவது குழந்தை வேலை, கவனமெல்லாம் ப்ளீச்சுக்குத்தான் தேவை.

எந்த கலர், எந்த இடம்

ப்ளீச் போட்டதும் கருப்பு முடி ஒரே தாவலில் வெள்ளையாகிவிடாது. கருப்பிலிருந்து பழுப்பு, சிவந்த பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள் என்று படிப்படியாகத்தான் போகும். நீலம், ஊதா, வெளிர் பிங்க் எல்லாம் அந்தக் கடைசிப் படிக்குப் போனால்தான் சுத்தமாக விழும். மஞ்சளாக நிற்கும் முடியில் நீலம் பூசினால் பச்சை வரும், ஆரஞ்சில் பூசினால் சேறு மாதிரி ஒரு நிறம் வரும். அந்தக் கடைசிப் படிக்குப் போக நம் முடிக்குப் பெரும்பாலும் ஒரு ப்ளீச் போதாது, இரண்டு மூன்று தடவை இடைவெளி விட்டுச் செய்ய வேண்டியிருக்கும், அதை பார்லரில் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சிவப்பு, காப்பர், அடர் மெஜந்தா இவற்றுக்கு ஆரஞ்சு வரை போனாலே போதும், ஏனென்றால் அடியில் இருக்கும் ஆரஞ்சே அந்த நிறங்களைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் முதல் தடவை செய்பவர்களுக்கு என் ஓட்டு சிவப்புக்குத்தான்.

முழுத் தலைக்கும் இறங்காதீர்கள். பின்கழுத்துக்கு மேலே இருக்கும் உள் அடுக்கு முடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டை போட்டால் தெரியும், விரித்துவிட்டால் மறையும் (ஆபீஸுக்கும், ஊரிலிருந்து வரும் அத்தைக்கும் இது ரொம்ப வசதி). வேரில் ஓர் அங்குலம் விட்டுத் தொடங்கினால் ப்ளீச் தலைத்தோலில் படாது, எரிச்சலும் இருக்காது.

முடியின் பழைய கதை

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் அடுத்த படிக்குப் போக வேண்டாம். உங்கள் முடியில் ஏற்கெனவே என்னென்ன போட்டிருக்கிறீர்கள்? கருப்பு டை போட்ட முடி சீராக வெளுக்காது, திட்டுத் திட்டாகத்தான் வரும். வீட்டில் அரைத்த மருதாணி என்றால் ஆபத்தில்லை, ஆனால் அதன் செம்மை லேசில் போகாது, சிவப்பு பூசுபவர்களுக்கு அது ஒரு பிரச்சினையும் இல்லை. அவுரி (இண்டிகோ பொடி) போட்டிருந்தால் ப்ளீச்சுக்குப் பிறகு பச்சை எட்டிப் பார்க்கலாம். பெரிய தலைவலி, ஹென்னா என்ற பெயரில் வரும் கலப்படப் பொடிகள். சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும், அவை ப்ளீச்சோடு சேர்ந்தால் முடி கொதிப்பது போலச் சூடாகி அப்படியே அறுந்துகூட வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீப்பில் வரும் உதிர்ந்த முடியைச் சேர்த்து ஒரு நூலால் கட்டி, கொஞ்சமே கொஞ்சம் ப்ளீச் கலந்து அதில் தடவி வையுங்கள். கலவை சூடானால், நுரைத்துப் பொங்கினால், முடி விசித்திரமான நிறத்துக்குப் போனால் இந்த ஆசையை அந்த முடி வெட்டுப்பட்டுப் போகும்வரை தள்ளி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இன்னொரு லாபம்: உங்கள் முடி ஆரஞ்சுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அலர்ஜி சோதனை தனி. டையிலும் ப்ளீச் கலவையிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, வீக்கம், சிவப்பு எது வந்தாலும் வேண்டாம். முன்பு கருப்பு டை போட்டு முகம் வீங்கியவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ளீச் பொடியின் தூசியே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வாங்க வேண்டியவை

ப்ளீச் பவுடர், 20 வால்யூம் டெவலப்பர் (ப்ளீச் பவுடரோடு கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, பாட்டிலில் 6% என்றும் போட்டிருக்கும்), அமோனியா இல்லாத செமி பர்மனென்ட் சிவப்பு டை. முகத்துக்குப் போடும் ப்ளீச் க்ரீம் இதற்கு உதவாது. சீக்கிரம் வெளுக்கட்டும் என்று 40 வால்யூம் வாங்கவே வாங்காதீர்கள், அது 12%. இது தவிர பிளாஸ்டிக் கிண்ணம், டை பிரஷ், பிளாஸ்டிக் கிளிப், கையுறை, ஃபாயில் பேப்பர், வாஸ்லின், தூக்கிப் போடத் தயாராக இருக்கும் ஒரு பழைய துண்டு. ப்ளீச் கலக்கச் சமையலறை எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம்.

ப்ளீச் போடும் நாள்

முந்தின நாளும் அன்றும் ஷாம்பு போட வேண்டாம். முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம், அது முடிக்குள் இறங்கிப் புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். ஆனால் வழிய வழியத் தடவாதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேல் முடியை எல்லாம் அள்ளி உச்சியில் கிளிப் போட்டுவிட்டு, உள் அடுக்கை விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கற்றைகளாகப் பிரியுங்கள். கழுத்திலும் காதோரத்திலும் வாஸ்லின். பெரும்பாலான பிராண்டுகளில் ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு டெவலப்பர், ஆனாலும் உங்கள் பாக்கெட்டில் உள்ளதுதான் கணக்கு. கெட்டித் தயிர் பதத்துக்கு வரும்.

காய்ந்த முடியில், ஒவ்வொரு கற்றைக்கும் அடியில் ஃபாயிலை வைத்து, முன்னும் பின்னும் தாராளமாகப் பூசுங்கள். கஞ்சத்தனம் பார்த்தால் புலி வரிதான் மிஞ்சும். பின்தலை என்பதால் கண்ணாடி பார்த்துச் செய்வது கஷ்டம், அக்காவையோ தோழியையோ கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஃபாயிலை மடித்துவிட்டு 5 நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். மேலே நீல நுரையோ வெள்ளை நுரையோ இருப்பதால் உள்ளே என்ன நிறம் என்று தெரியாது, ஈரப் பஞ்சால் ஓர் இடத்தில் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதலில் செங்கல் நிறம், கொஞ்ச நேரத்தில் பளிச்சென்று ஆரஞ்சு. அங்கே நிறுத்துங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச நேரம் வந்துவிட்டால் ஆரஞ்சு வராவிட்டாலும் கழுவியே ஆக வேண்டும், செங்கல் நிறத்தின் மேலும் அடர் சிவப்பு அழகாகவே பிடிக்கும். ட்ரையர் சூடு காட்டுவது, வெயிலில் போய் உட்காருவது எல்லாம் வேண்டாம்.

வெதுவெதுப்பான நீரில் வழவழப்பு போகும்வரை அலசி, ஒரு முறை ஷாம்பு. கண்டிஷனர் இப்போது வேண்டாம். ஓர் ஈர இழையை மெல்ல இழுத்துப் பாருங்கள்: சற்று நீண்டு திரும்பிச் சுருங்கினால் நலம். சூயிங்கம் மாதிரி இழுத்துக்கொண்டே போனால் மறுபடி ப்ளீச் பக்கமே போகாதீர்கள். மிச்சக் கலவையை மூடி போட்டு எடுத்து வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து டப்பா வெடிக்கலாம். ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இனி கலர்

முடி முழுதாகக் காயட்டும், ஈரத்தில் பூசினால் நிறம் நீர்த்துப் போகும். செமி பர்மனென்ட் டையை அப்படியே எடுத்துப் பூச வேண்டியதுதான், பழக்க தோஷத்தில் அதிலும் டெவலப்பர் கலந்துவிடாதீர்கள். கற்றை கற்றையாக, விரலால் நன்றாகத் தேய்த்து, ஷவர் கேப் போட்டு, டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள். பிறகு ஷாம்பு இல்லாமல் பச்சைத் தண்ணீரில் அலசிக் கண்டிஷனர் போடுங்கள். பாத்ரூம் தரை சிவப்பாக ஓடும், பயப்பட வேண்டாம், உடனே தண்ணீர் ஊற்றிவிட்டால் டைல்ஸ் தப்பிக்கும்.

இந்த நிறம் கழுவக் கழுவ வெளுக்கும், அதன் சுபாவம் அது. சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, குளிர்ந்த நீர், வாரம் இரண்டு முறைக்கு மேல் ஷாம்பு இல்லை என்று இருந்தால் சில வாரம் தாங்கும். வெந்நீரில் தலைக்குக் குளிப்பவர்களுக்கும் நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கும் சீக்கிரமே சாயம் போகும். முதல் சில நாள் வேர்வையில் கழுத்துக் காலர் சிவக்கும், வெள்ளைச் சட்டையைத் தவிருங்கள், தலையணைக்குக் கருப்பு உறை போடுங்கள். நிறம் மங்கினால் கண்டிஷனரில் கொஞ்சம் டையைக் கலந்து 10 நிமிடம் ஊற வைத்தால் போதும், ப்ளீச் தேவையில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கருப்பு வளர்ந்து வரும், அடுத்த தடவை ப்ளீச் போட்டால் அந்தப் புதுக் கருப்பில் மட்டும் போடுங்கள், ஏற்கெனவே வெளுத்த முடியில் படவே கூடாது.