ஏர் ஃபில்டரை நானே மாற்றினேன்

மேடேறும்போது வண்டி திணறியது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு மந்தம். கையேட்டில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தூசிச் சாலை என்றால் அதற்கும் முன்பே ஏர் ஃபில்டரை, அதாவது இஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் தாளை, மாற்றச் சொல்லியிருந்தது. நான் 52,000 தாண்டியிருந்தேன்.

இஞ்சின் ஆறியதும் பானெட்டைத் திறந்து, ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியின் நான்கு கிளிப்புகளையும் விரலாலேயே நெம்பினேன். மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள், பக்கத்துக் குழாயில், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் வயர் இருக்கும். பழைய ஃபில்டரின் மடிப்புகளுக்குள் காய்ந்த இலைத் துணுக்குகள், ஒரு பூச்சியின் சிறகு, வெள்ளைத் தாள் முழுக்கச் சாம்பல் நிறம். பெட்டிக்குள் கிடந்த மண்ணை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன், ஊதினால் அது இஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் போய்விடும்.

புதியதைப் பொருத்தத்தான் நேரம் பிடித்தது. மூன்று கிளிப் மாட்டிவிட்டது, நான்காவது மாட்டவே இல்லை. சரி, அழுத்த வேண்டாம் என்று திரும்ப எடுத்துப் பார்த்தால் ரப்பர் ஓரம் ஒரு மூலையில் மடங்கியிருந்தது. அப்படியே விட்டிருந்தால் வடிகட்டாத காற்று நேராக உள்ளே போயிருக்கும். ஓரத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்ததும் டக்கென்று மாட்டியது.

மைலேஜ் பெரிதாக மாறவில்லை, ஆனால் மேட்டில் இழுவை திரும்பிவிட்டது.