சிறுகுடல் உறிஞ்சல்: விடைத்தாளிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுகுடல் குளுக்கோஸை எப்படி உறிஞ்சுகிறது என்று கேட்டால், பல மாணவர்கள் 'பரவல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது தவறு. செல்லின் கொழுப்புப் படலத்தைக் குளுக்கோஸ் தானாகக் கடக்காது. எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம், இரண்டு சோடியம் அயனிகளுடன் ஒரு குளுக்கோஸைச் சேர்த்து உள்ளே எடுக்கிறது. காலக்டோஸுக்கும் இதே வழிதான். ஃப்ரக்டோஸ் மட்டும் க்ளூட்5 என்ற வேறொரு புரதம் வழியாக, சோடியத்தின் துணை இல்லாமல் நுழைகிறது.

எஸ்ஜிஎல்டி1 நேரடியாக ஏடிபியை, அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறை, செலவழிக்கிறது என்று எழுதுவதும் பிழை. செலவழிப்பது செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தை நோக்கி இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப். அது சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் குறைவு. அந்தக் குறைவை நோக்கிப் பாயும் சோடியம் குளுக்கோஸையும் இழுத்து வருகிறது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் முன்வைத்த கருத்து இது.

வயிற்றுப்போக்கில் உயிர் காப்பதும் இதே ஏற்பாடுதான். காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலால் ஏராளமானோரைக் காப்பாற்றினார். இன்றைய ஓஆர்எஸ் (வாய்வழி நீரிழப்பு ஈடுசெய்யும்) கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் சமமாக இருக்கும்.

குழந்தைக்குத் தெம்பு வரட்டும் என்று இதில் கூடுதலாகச் சர்க்கரை போடாதீர்கள். உறிஞ்சப்படாமல் தங்கும் சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். சோடாவும் பாட்டில் ஜூஸும் இதற்கு மாற்றல்ல. பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரை முழுதாக ஊற்றுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புரதம் முழுவதும் தனித்தனி அமினோ அமிலமாக உடைந்த பிறகே உறிஞ்சப்படும் என்பது பாடநூல் படித்தவர்களிடமும் தங்கிவிட்ட எண்ணம். இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடுகளை, ஹைட்ரஜன் அயனியின் துணையோடு பெப்ட்1 என்ற கடத்திப் புரதம் அப்படியே உள்ளே எடுக்கிறது. பெரும்பாலானவை செல்லுக்குள்தான் உடைகின்றன. ஹார்ட்னப் என்ற பரம்பரை நோயில் டிரிப்டோஃபேன் போன்ற நடுநிலை அமினோ அமிலங்களுக்கான கடத்தி பழுதாகிறது. ஆனாலும் நல்ல உணவு கிடைப்பவர்களில் பலர் அறிகுறியின்றி வாழ்வது இந்தப் பெப்டைடு வழியால்தான்.

கடைசியாக ஒன்று: சர்க்கரையும் அமினோ அமிலமும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன. நிணநீர்க் குழாய் வழியாகப் போவது பெரும்பாலான கொழுப்பு.